தகப்பன் ஸ்தானம்: தோட்டப்புற வாழ்வும் ஆவிக்குரிய குடும்பமும்

இரத்த சம்பந்தத்தைக் கடந்த ஒரு குடும்பம் உண்டு என்னும் கிறிஸ்தவ உபதேசத்தை, அன்பை மிகுத்துக் கூறும் உபசார வழக்கென்று கொள்வாரும், பெற்றோரையும் உற்றாரையும் துறக்கச் சொல்லும் கட்டளையென்று அஞ்சுவாரும் உளர். இவ்விரு கொள்கைகளும் பொருந்தாவென்பதும், அவ்வுபதேசத்தின் உயிர்நிலை தகப்பன் ஸ்தானம் யாருக்குரியது என்னும் வினாவிலே அடங்கியுள்ளதென்பதும் இக்கட்டுரையின் துணிபு. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவையும் புளூவேலித் தேயிலைத் தோட்டத்தையும் ஒத்த தோட்டப்புறங்கள் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

தாயும் சகோதரரும் வெளியே நின்று தம்மை அழைப்பித்தபோது, தேவசித்தத்தின்படி நடப்போரே தமக்கு உறவினர் என்று இயேசு கூறியதை மாற்கு 3ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அதே சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரமோ இன்னும் நுட்பமானது. அவர் நிமித்தம் மனிதன் விட்டுவருவனவற்றுள் தகப்பனும் எண்ணப்படுகிறான். நூறத்தனையாகத் திரும்பப் பெறுவனவற்றுள் வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்மாரும் பிள்ளைகளும் நிலங்களும் இடம்பெற, தகப்பன் காணப்படவில்லை. அந்த ஸ்தானம் தேவனுக்கே உரியதாகலின், அதில் அமரும் அதிகாரம் மனிதர் எவருக்கும் இல்லை. ஆகவே எஞ்சிய யாவரும் உடன்பிறந்தாரே ஆவர். அடிமையாகிய ஒநேசிமுவைப் பிரியமான சகோதரனாக ஏற்கும்படி பவுல் பிலேமோனை வேண்டியதும் இந்த நியாயத்தினாலேயே.

இதனால் பெற்றோர்க்குச் செய்யும் கடமை அழிந்துவிடுமோவெனின், அழியாது. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைப் பேணாது விட்டோரை இயேசு கண்டித்தார். சிலுவையில் வேதனையுற்ற வேளையிலும் தம் தாயைச் சீஷனிடம் ஒப்புவித்தார். அச்சீஷன் அவளைத் தன் வீட்டில் ஏற்றதாக யோவான் கூறுதலின், ஆவிக்குரிய உறவும் சோறும் உறையுளும் அளிக்கும் கடமையாகவே தொடக்கமுதல் விளங்கிற்று.

இனித் தோட்டத்தை நோக்குவோம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். உதவிபெற்று மலாயா செல்லும் தொழிலாளர் பிரயாணத்தை இந்திய அரசாங்கம் 1938இல் தடைசெய்தது. ஆதலின் கேமரன் மலை கண்டது, கங்காணி என்னும் இடையாள் வழியே தொழிலாளரைத் திரட்டிய கங்காணி முறையின் அந்திம காலத்தையே. எனினும் அம்முறை வகுத்த வாழ்க்கை அமைப்பு மலாயாவின் தோட்டங்களெங்கும் நிலைத்திருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் ஜாதியாரையுமே திரட்டி வந்தான். முன்பணம் கொடுத்தவனும், துரைக்கும் கூலிக்கும் இடைநின்றவனும், லயத்து வழக்கைத் தீர்த்தவனும் அவனே. இரத்த உறவு அங்கே ஆதரவாயிருந்ததோடு கடனுக்கும் கீழ்ப்படிதலுக்கும் கட்டும் கயிறாகவும் அமைந்தது. கங்காணியே தகப்பன்போல் அமர்ந்த இத்தகைய இடத்தில், தகப்பன் ஸ்தானத்தை மனிதர்க்கு மறுக்கும் உபதேசம் எத்துணை விடுதலை தரவல்லதென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் உபதேசம் தானே நடைமுறையாகிவிடாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், திருக்குடும்பத்தின் பெயர் தாங்கிய ஆலயத்துள்ளேயே ஜாதியாரைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றோரும் கிறிஸ்தவரே. ஒரே பிதாவை வணங்கிய வாயினாலேயே சகோதரனை மறுத்த அந்த வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. கப்பலேறிய தமிழரோடு ஜாதியும் கப்பலேறியது என்பதை மறைத்தல் தகாது.

இன்றைக்கு இந்த மலைப்பகுதியில் கொழுந்து பறிப்போரும் காய்கறித் தோட்டங்களில் உழைப்போருமாக வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் வந்துள்ளனர். பூர்வகுடிகளான செமாய் மக்களிடையேயும் கிறிஸ்தவர் உண்டு. மொழியாலும் குலத்தாலும் வேறுபட்ட இவர்களைத் தமிழ்ச் சபையார் பந்தியில் உடன் அமர்த்துவரோ, நோயிலும் மரணத்திலும் உறவினராய் நிற்பரோ, பெண் கொடுக்கவும் கொள்ளவும் இசைவரோ என்பதே கேள்வி. ஜெபத்தில் மட்டும் சகோதரன் என்றழைத்து, இவற்றில் அந்நியனாக நிறுத்துவோர், தேவனுக்குரிய ஸ்தானத்தில் தம் குலத்தையே அமர்த்தியவராவர். அவ்விடத்தைப் பிதாவுக்கே விட்டுவைக்கும் சபையே ஆவிக்குரிய குடும்பம் என்னும் பெயருக்கு உரியது.