கொக்குக் கணக்கு

சென்ற மாதம் ஒரு மாலை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வந்த ஒருவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவருடைய பையன் கைபேசியில் ஏதோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். எட்டிப் பார்த்தேன். கணக்குப் பாடம்! என் காலத்தில் கணக்கு வகுப்பில் பல்லைக் காட்டியவனிடம் பிரம்புதான் பேசும்.

திரையில் ஒரு வாத்தியார் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். பறந்துபோகும் கூட்டத்தைப் பார்த்து அந்தத் தனிக்கொக்கு, "நீங்கள் நூறு பேரா?" என்கிறது. "நாங்களும், இன்னும் எங்களளவும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்று மேலிருந்து பதில் வருகிறது. விடை 36. என் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே போட்ட கணக்குத்தான் இது!

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தபோதும், மறு வருஷம் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் படமாக வந்தபோதும் பலர் இதைப் புதுமை என்றார்கள். வித்தை பழையது. 1150-லேயே பாஸ்கராசாரியர் லீலாவதியில், தேனீக்களைப் பூவுக்குப் பூ பறக்கவிட்டுப் பின்னம் கற்பித்திருக்கிறார். நம்முடைய காரி நாயனார் கணக்கதிகாரத்தில் இன்னும் வேடிக்கை செய்கிறார். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகு என்கிறார். முள் 50 என்றால் சுளை 60. அவர் சிரிக்கச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா, யார் கண்டது? நானும் ஒரு முறை முள்ளை எண்ணிவிட்டுப் பழத்தை அறுத்துப் பார்த்தேன். கணக்குப் பொய்த்தது, பழம் தித்தித்தது. ஆனால் அதைக் கேட்ட எந்தப் பிள்ளை அறுத்துப் பார்க்காமல் இருக்கும்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பும் இருந்தது, மறுப்பதற்கில்லை. 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். நெல்லளவும் நிலமும் கூலியும்தான் அங்கே கணக்கு. அந்தத் திண்ணையில் ஏற இடமில்லாதவன், பிறர் அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த பாடத்தில் வேறொருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். பிறகு எழுந்து, வறட்டுக் குரலில் வாய்பாடு சொன்னார். பையன் விழுந்ததற்குச் சிரித்தான். வாய்பாட்டுக்குக் கொட்டாவி விட்டான். கொக்குக் கதையில் அப்படி நடக்காது. கணக்கைப் போடாதவனுக்கு அந்த வேடிக்கையே விளங்காது.

இதற்குள் தகப்பனார் விழித்துக்கொண்டார். "எனக்குக் கணக்கே வராது சார். அடிக்குப் பயந்து அஞ்சாவதோட ஓடி வந்துட்டேன். கூலிச் சீட்டுல என்ன போட்டிருந்தாலும் கையெழுத்துத்தான்" என்றார்.

மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்ததைச் சொன்னேன். பையன் கைபேசியை அணைத்தான். "அந்தச் சீட்டை எடுப்பா" என்றான்.

வண்டி வந்தது. இருவரும் எனக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார்கள். பொன்னேரி தாண்டியும் பையன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.