விலை பேசி முடித்தாயிற்று, வீடு இன்னும் நமதில்லை

இங்கிலாந்தில் வீடு தேடும் நம் சகோதரர்களில் பலர், கேட்ட விலைக்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்று எஸ்டேட் ஏஜெண்ட் சொன்ன அன்றே ஊருக்குப் போன் போட்டு, "அல்ஹம்துலில்லாஹ், வீடு முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அன்று எதுவும் முடிவதில்லை. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிவிட்டால் இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாய்வழிச் சம்மதத்துக்கு அந்த வலு கிடையாது. வீடு, நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் சட்டம். அந்தக் கையெழுத்துப் பிரதிகளை இரு தரப்பு சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்ளும் நாளுக்குத்தான் 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். அதுவரை விற்பவரும் விலகலாம், வாங்குபவரும் விலகலாம், பொதுவாக நஷ்டஈடு எதுவும் கிடையாது. ஸ்காட்லாந்தின் முறை வேறு என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

இந்த இடைவெளி இரண்டு மூன்று மாதம் நீள்வது சாதாரணம். நமக்கு விற்பவர் இன்னொரு வீட்டை வாங்கக் காத்திருப்பார், அந்த வீட்டுக்காரர் வேறொன்றுக்குக் காத்திருப்பார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். வேறு யாராவது அதிக விலை சொல்லிவிடுவார்களோ, நிதி நிறுவனம் கடைசியில் மறுத்துவிடுமோ என்று தூக்கம் கெடும் காலம் இது. நம் கையில் இல்லாத இந்தக் கவலைகளிலேயே மனம் போய்விடுவதால், நம் கையில் இருக்கும் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறோம். பணம் எங்கிருந்து, என்ன நிபந்தனையில் வந்தது என்பது ஒன்று. வீடு யார் பெயரில், எந்த முறையில் இருக்கப்போகிறது என்பது மற்றொன்று.

முதலில் மற்றக் கவலைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பேசி முடித்த பிறகு இன்னொருவர் அதிக விலை சொல்லி வீட்டைத் தட்டிக்கொண்டு போவதை இங்கே 'கசம்பிங்' என்பார்கள். சட்டம் இதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் போய் விலை பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு முஸ்லிம் இதைச் செய்யக்கூடாது. நமக்கு இப்படி நடந்தால் செய்யக்கூடியது குறைவு. விலை ஒத்துக்கொண்ட உடனே விளம்பரத்தை எடுத்துவிடும்படி ஏஜெண்டிடம் கேட்கலாம். நம் பக்கத்து ஆவணங்களைத் தாமதமின்றிக் கொடுக்கலாம். அதற்கு மேல் துஆதான். எக்ஸ்சேஞ்சுக்கு முதல் நாள், காரணமே இல்லாமல் விலையைக் குறைத்தால்தான் கையெழுத்து என்று வாங்குபவர் மிரட்டுவதும் உண்டு. அதுவும் அதே அளவு மோசமானது. சர்வேயில் கூரை பழுது என்று தெரிந்து விலையைத் திரும்பப் பேசுவது இதில் சேராது.

நிதி நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் அவர்களுடைய பணத்துக்கு வீடு பெறுமா என்று பார்க்கத்தான் வருகிறார். சுவரில் ஈரம் இருக்கிறதா, அடித்தளம் இறங்கியிருக்கிறதா என்று நமக்காகப் பார்ப்பவர் நாமே அமர்த்தும் சர்வேயர். சாதாரண வீட்டுக்கு இரண்டாம் நிலை சர்வே போதும். பழைய வீடு, மாற்றிக் கட்டிய வீடு என்றால் மூன்றாம் நிலை. பிளாட் என்றால் லீஸில் எத்தனை ஆண்டு மீதி இருக்கிறது, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, பெரிய பழுதுபார்ப்புச் செலவு ஏதும் வரவிருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அக்கம்பக்கத் தகராறு, அனுமதியில்லாமல் கட்டிய பகுதி போன்றவற்றை விற்பவர் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். அதை சொலிசிட்டர் படிப்பார் என்று விட்டுவிடாமல் நாமும் வரிக்கு வரி படிப்பது நல்லது. அந்தத் தெருவைப் பார்த்தவர்கள் நாம்தான், சொலிசிட்டர் பார்த்திருக்க மாட்டார்.

வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய முறையில் வாங்குவோருக்குக் காலம் இன்னும் கொஞ்சம் நீளலாம். வங்கியும் நாமும் பங்காளிகளாக வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கை மெல்ல மெல்ல வாங்குவதுதான் இங்கே பரவலாக உள்ள முறை. கூட்டுடைமை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் என்று ஆவணங்கள் கூடுவதால் இதில் பழக்கமுள்ள சொலிசிட்டரைப் பிடிப்பது முக்கியம். முன்பு வங்கி வாங்கும்போது ஒருமுறை, நமக்கு மாற்றும்போது ஒருமுறை என்று இரட்டை முத்திரை வரி இருந்தது. அதை 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கிவிட்டது. இன்னும் சிலர் அந்தப் பழைய பயத்தைச் சொல்லி விலகிப்போகிறார்கள்.

இனி பணம். கள்ளப்பணத் தடுப்பு விதிகளின்படி முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே தீர வேண்டும், பல மாத வங்கி அறிக்கைகளும் கேட்பார். ஊரில் மனையை விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், அது வங்கியில் விழுந்த கணக்கு, அங்கிருந்து இங்கே வந்த கணக்கு எல்லாம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக முறைப்படி அனுப்பலாம். அப்படியிருக்க, செலவு மிச்சம் என்று உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. பணம் ஹலாலான உழைப்பில் வந்ததாகவே இருக்கலாம், ஆனாலும் அதை ஏற்க சொலிசிட்டருக்கு வழியில்லை. பல வாரத் தாமதம் இங்கேதான் தொடங்குகிறது.

இதைவிடக் கனமானது அடுத்தது. உறவினர் தரும் பணத்துக்கு நிதி நிறுவனம் ஓர் அன்பளிப்புக் கடிதம் கேட்கும். இந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். நம் குடும்பங்களில் காக்கா தரும் 20,000 பவுண்டு பெரும்பாலும் கைமாற்று. இரண்டு வருடத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு இருக்கும். கடிதத்தில் மட்டும் அன்பளிப்பு. "இது ஒரு ஃபார்மாலிட்டி" என்று ஏஜெண்ட்டும் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். இது பொய்ச் சாட்சியம், அதுவும் எழுத்தில். நாளை காக்கா மவுத்தாகிவிட்டால் அவருடைய பிள்ளைகள் அந்தப் பணத்தைக் கேட்பார்கள், அவர் கையெழுத்திட்ட காகிதமே அவர்களுக்கு எதிராக நிற்கும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வது அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). நாம் அதை எழுதத்தான் செய்கிறோம், தலைகீழாக. கடன் என்றால் கடன் என்றே நிறுவனத்திடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்கள் தரும் தொகை குறையலாம், மறுக்கவும் செய்யலாம். அப்போது சின்ன வீடு பார்ப்பதுதான் வழி. உண்மையிலேயே ஹிபா என்றால் கொடுப்பவர் மனதாலும் விட்டுவிட வேண்டும். வாப்பா ஒரு மகனுக்கு மட்டும் கொடுக்கிறார் என்றால், ஊரில் இருக்கும் பெண்மக்களுக்கு அது தெரியுமா, அவர்களுக்கும் நீதி செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் இந்த நேரத்திலேயே பேசிவிட வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும்போது, எந்த முறையில் கூட்டுரிமை என்று சொலிசிட்டர் ஒரு தாளில் டிக் செய்யச் சொல்வார். பலர் யோசிக்காமல் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்பதில் டிக் போடுகிறார்கள். டெனன்ட் என்ற சொல்லுக்கு இங்கே வாடகைக்காரர் என்று பொருளில்லை, உரிமையாளர் என்றே பொருள். இந்த முறையில் ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் தானாகவே மற்றவருக்குப் போய்விடும். உயில் எழுதியிருந்தாலும் அந்த வீட்டின் மேல் செல்லாது. அப்படியானால் கணவர் இறந்தபின் அவருடைய பங்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று, உயிரோடிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று, மீதி பிள்ளைகளுக்கு என்ற ஃபராயிள் கணக்குக்கு இடமே இல்லாமல் போகிறது. 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்ற மற்ற முறையில் அவரவர் பங்கு தனித்தனியாக நிற்கும், உயில் மூலம் மார்க்கப்படி பிரிக்கலாம். ஆனால் உயில் எழுதாமல் விட்டால் அந்தப் பங்கு இங்கிலாந்தின் வாரிசுச் சட்டப்படிதான் போகும். எனவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர் இஸ்லாமிய உயிலையும் கையோடு எழுதிவிட வேண்டும்.

முழு வீடும் மனைவிக்குப் போனால்தானே கணவர் வீட்டார் அவளை வெளியேற்ற முடியாது என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்குப் பதில், அவளுடைய பங்கை முதலிலேயே சரியாக எழுதுவது. முன்பணத்துக்காக விற்ற நகை அவளுடையது, அவள் சம்பளத்தில் சேர்த்தது அவளுடையது. பாக்கியிருக்கும் மஹரும் அவளுக்கு வரவேண்டிய கடன். இவற்றைக் கூட்டினால் வீட்டில் பாதியோ அதற்கு மேலோ அவளுக்கே உரியது என்று தெரியவரலாம். பங்கு விகிதத்தை 'டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட்' என்ற பத்திரத்தில் சொலிசிட்டர் எழுதித் தருவார். ஜாயின்ட் டெனன்ட்ஸ் ஆக ஏற்கெனவே வாங்கியவர்களும் நோட்டீஸ் கொடுத்துப் பிரித்துக்கொள்ள முடியும்.

எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக விலையில் 10 சதவீதம் கொடுக்க வேண்டும். அதன்பின் நாம் விலகினால் அந்தப் பணம் போய்விடும். 4,00,000 பவுண்டு வீட்டுக்கு அது 40,000 பவுண்டு. கட்டடக் காப்பீடு பெரும்பாலும் அன்றிலிருந்தே நம் பொறுப்பு, ஆகவே தக்காஃபுலோ வேறு ஏற்பாடோ முன்பே தயாராக இருக்க வேண்டும். பணம் அனுப்பும் முன், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பவே கூடாது. சொலிசிட்டரின் மின்னஞ்சலைப் போலவே போலி அனுப்பிப் பணத்தைப் பறிக்கும் கும்பல்கள் இந்த நாளுக்காகவே காத்திருக்கின்றன. முதல் சந்திப்பில் நேரில் வாங்கிய தொலைபேசி எண்ணில் அழைத்து, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.