வென்றவர் கைத் துலாக்கோல்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், நூரம்பர்க்கைப் போலவே டோக்கியோவிலும் அனைத்துலக இராணுவத் தீர்ப்பாயம் கூடிற்று. 1946 மே 3ஆம் நாள் தொடங்கிய விசாரணையில் 28 ஜப்பானியத் தலைவர்கள் குற்றஞ்சாட்டப்பெற்றனர். வென்ற அணியின் 11 நாடுகள் நீதிபதிகளை அனுப்பின. 1948 நவம்பரில் முன்னாள் பிரதமர் தோஜோ உள்ளிட்ட 7 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றது.

இந்திய நீதிபதி ராதாபினோத் பால் ஒருவரே அனைவரையும் விடுவிக்குமாறு மாறுபட்ட தீர்ப்பெழுதினார். நான்கிங் கொடுமைகளை அவர் மறுத்தாரல்லர். அவற்றைக் கூண்டில் நின்ற தலைவர்களே ஏவினர் என்பதற்குச் சான்று போதாதென்றார். போர் தொடுத்தலைத் தனிமனிதர் குற்றமாக்கும் சட்டம் அப்போர் மூண்டபோது இல்லை என்றும், வென்றவர் வகுக்கும் சட்டம் தோற்றவரை மட்டும் பிணிப்பது நீதியாகாதென்றும் வாதிட்டார். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களை அழித்த அணுகுண்டுகளுக்காக எவரும் கூண்டேறவில்லை.

பாலின் தீர்ப்பு கொடுமைக்கு வழங்கிய மன்னிப்பன்று; துலாக்கோல் இருபாலாரையும் நிறுக்க வேண்டுமென்ற முறையீடு. 1998இல் ரோமில் உருவான ஒப்பந்தத்தின்படி, 2002 முதல் நிலையான அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் நிலவி வருகிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மட்டுமன்றி, பாலின் தாயகமான இந்தியாவும் அதில் உறுப்பு நாடாகவில்லை. டோக்கியோவில் எழுந்த வினா இன்னும் விடையின்றியே நிற்கிறது.