ஒத்து ஊதின பையனும் கோடை லீவும்

மே மாசம். செஞ்சிக் கோட்டைப் பாறை கொதிக்குது. இந்த லீவுல இசை கத்துக்க அன்னைக்கு என்ன வழி? சம்மர் கேம்ப் இல்லை, திருவிழாதான். நாதஸ்வரச் சீடனுக்கு முதல் வேலை ஒத்து ஊதுறது. ஒரே சுருதி, மூச்சு அறுபடக் கூடாது. சித்திரை, வைகாசியில ராத்திரி முழுக்கச் சாமி புறப்பாட்டுல குருவோட நடப்பான். மல்லாரி எப்படித் தொடங்குது, ராகத்தை எவ்வளவு நீட்டலாம்னு காது தானா படிக்கும். ஆனா அந்த வாசல் பெரும்பாலும் பரம்பரையா வாசிக்கிற வீட்டுப் பையன்களுக்குத்தான் திறந்தது.

1929-ல, செஞ்சி இருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்துச் சிதம்பரத்துல, இசைக் கல்லூரி வந்தது. வகுப்பறை வந்தா கூடவே லீவும் வரும்ல! இன்னைக்கு விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில எந்த வீட்டுப் பிள்ளையும் நாதஸ்வரம் படிக்கலாம். ஆனா மேளத்துல ஒத்து இருந்த இடத்துல இப்போ பல ஊர்ல எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. கத்துக்குட்டியோட முதல் வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. என் ஆபீஸ்லயும் இப்போ இதே பேச்சுதான்.