கல்யாண கேமராவும் ஓரியன் நெபுலாவும்

கல்யாண வீட்டுல தாலி கட்டுற நேரம் பார்த்து நமக்கும் மணமேடைக்கும் நடுவுல வந்து நிப்பாரே போட்டோகிராபர், அவர் கையில ரொம்ப வருஷமா இருந்தது டிஎஸ்எல்ஆர் கேமரா. முகத்தை அழகா காட்டுறதுக்குன்னு செஞ்ச பொருள் அது. அதைக் கொண்டுபோய்த் தொலைநோக்கியில் மாட்டி, 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஓரியன் நெபுலாவைப் படம் பிடிக்கலாம்னு யாருக்குத் தோணியிருக்கும்? பதில் சொல்லணும்னா 180 வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும். சரி, கொசுவத்தியைச் சுத்திடுவோம் :-)

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். மார்கழி ராத்திரியில் வானத்தைப் பார்த்தீங்கன்னா திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கீழே மூணு நட்சத்திரம் வரிசை கட்டி நிற்கும். அதுக்கும் கீழே மங்கலா ஒரு புகை மாதிரி தெரியுறதுதான் ஓரியன் நெபுலா. ஒரு மணி நேரம் முறைச்சுப் பார்த்தாலும் அது அதே புகைதான். காரணம், நம்ம கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. வந்ததை அப்பப்போ செலவு பண்ணிடும். உண்டியல் மாதிரி சேர்த்து வைக்கிற ஒண்ணு வேணும். புகைப்படத் தகடு அந்த உண்டியல்.

1839-ல் டாகுரே தன்னோட புகைப்பட முறையை பாரிஸில் வெளியிட்டார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைப் படம் எடுத்துவிட்டார். 1850-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியம் பாண்டும், ஜான் ஆடம்ஸ் விப்பிள் என்கிற புகைப்படக்காரரும் சேர்ந்து 15 அங்குலத் தொலைநோக்கியில் வேகா நட்சத்திரத்தைப் பதிவு பண்ணினார்கள். சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரம் படத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

நிலா, வேகா எல்லாம் பிரகாசமான ஆசாமிகள். நெபுலா அப்படி இல்லை. 1851-ல் வந்த ஈரத்தகடு முறையில் தகடு காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவி முடிக்கணும். அதிகம் போனா கால் மணி நேரம். மங்கலான நெபுலாவுக்கு அது எப்படிப் போதும்? 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்கிற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழி சொன்ன பிறகுதான் உண்டியல் பெருசாச்சு.

முதல்ல அதை உடைச்சுக் காட்டினவர் அந்த டிரேப்பரோட மகன் ஹென்றி டிரேப்பர். அவரும் டாக்டருக்குப் படிச்சவர்தான். 1880 செப்டம்பர் 30-ஆம் தேதி ராத்திரி, தன் சொந்த வானாய்வகத்தில் 11 அங்குலத் தொலைநோக்கியை வைத்து 51 நிமிஷம் ஓரியன் நெபுலாவைப் பதிவு செய்தார். உலகத்தின் முதல் நெபுலா படம். 1882 மார்ச்சில் அதையே 137 நிமிஷத்துக்கு நீட்டினார். அந்த நவம்பரிலேயே 45 வயசில் இறந்துபோனார்.

விட்ட இடத்தில் எடுத்தவர் லண்டன் பக்கத்தில் ஈலிங்கில் இருந்த ஆண்ட்ரூ காமன். தொழில்? சுகாதாரப் பொறியாளர். அதாவது சாக்கடை, குழாய் சமாச்சாரம். வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியைக் கட்டி, 1883 ஜனவரி 30-ஆம் தேதி ஓரியன் நெபுலாவை 37 நிமிஷம் எடுத்தார். அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் அந்தத் தகட்டில் இருந்தன. கேமரா கண்ணை முந்தினதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1884-ல் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இவங்க ரெண்டு பேருக்கும் வானம் சம்பளம் கொடுக்கிற வேலை இல்லை. கைக்காசைப் போட்டுச் செய்தவர்கள். இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இரவல் கேமரா கதை ஒண்ணும் இருக்கு. 1882-ல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில், உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவரின் உதவியோடு அவருடைய கேமராவைத் தொலைநோக்கி மேலேயே கட்டிவிட்டார். தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து நகர, கூடவே கேமராவும் நகரும். வால்நட்சத்திரம் அருமையா விழுந்தது. ஆனா கில்லை அசத்தினது பின்னாடி விழுந்திருந்த நட்சத்திரக் கூட்டம். எண்ணவே முடியலை. அப்போ வானத்துக்கே வரைபடம் போடலாமேன்னு தோணிச்சு. விளைவு, 4,54,875 நட்சத்திரங்கள் கொண்ட கேப் அட்டவணை. 1887-ல் பாரிஸில் கூடி உலக வானாய்வகங்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்ட திட்டமும் அதிலிருந்து பிறந்ததுதான். பிற்பாடு நம்ம ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகமும் அதில் ஒரு பங்கை எடுத்துச் செய்தது.

இதுக்கப்புறம் காட்சி மாறுகிறது. காமனின் 36 அங்குலத் தொலைநோக்கி கிராஸ்லி என்பவர் கைக்குப் போய், 1895-ல் அவர் மூலமா கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்குப் போனது. அங்கே ஜேம்ஸ் கீலர் அதை வைத்து எடுத்த படங்களில் சுருள் வடிவ நெபுலாக்கள் கூட்டம் கூட்டமா தெரிந்தன. இன்னொரு பக்கம், ஹென்றி டிரேப்பரின் மனைவி மேரி அன்னா டிரேப்பர் கணவர் நினைவாகக் கொடுத்த பணத்தில் ஹார்வர்டில் தகடுகள் குவிந்தன. அவற்றை ஆராய்ந்த வில்லியமினா ஃபிளெமிங், வானாய்வக இயக்குநர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1888-ல் எடுத்த ஒரு தகட்டில் குதிரைத்தலை நெபுலாவை முதலில் கண்டது அவர்தான். ஆனா பட்டியல் அச்சானபோது பிக்கரிங் பேர் மட்டும்தான் இருந்தது. கண்டவள் ஒருத்தி, பேர் வாங்கினது இன்னொருத்தர். வானத்திலும் இதே கதைதான் போல.

ஆக, தோட்டத்தில் பிறந்த கலை மலை உச்சிக்குப் போய்விட்டது. ஆர்வலர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஃபிலிமோடு போராடினார்கள். ஃபிலிமுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நேரம் ஆக ஆக அதுக்குக் களைப்பு வந்துடும். ரெண்டாவது மணி நேரத்தில் பிடிக்கிற ஒளி முதல் மணி நேரத்தில் பிடிச்சதைவிடக் குறைவு. தவிர, நூறு ஒளித்துகள் வந்தால் ரெண்டு மூணுதான் பதியும். குளிர்ல ஒரு மணி நேரம் வழிகாட்டி நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியில் நிறுத்திக்கிட்டே உட்கார்ந்து, கழுவிப் பார்த்தால்தான் படம் தேறுமா தேறாதான்னு தெரியும்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்கிற சில்லைக் கண்டுபிடித்தார்கள் (2009-ல் நோபல் கிடைத்தது). களைப்பே இல்லாத உண்டியல். 1976-லேயே அரிசோனாவில் அதை வைத்து யுரேனஸைப் படம் எடுத்தார்கள். ஆனா விலை? ஆர்வலர்கள் கைக்கு வந்த சிசிடி கேமராக்களில் சென்சார் பெரும்பாலும் நகத்தளவு. ஓரியன் நெபுலா முழுசா உள்ளே வராது.

இங்கதான் நம்ம கல்யாண கேமரா நுழையுது. 2003-ல் கேனான் 300டி, ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஎஸ்எல்ஆர். பெரிய சென்சார், கழட்டி மாட்டுற லென்ஸ். லென்ஸைக் கழட்டிட்டு டி-ரிங் என்கிற வளையத்தைப் போட்டால் தொலைநோக்கியே லென்ஸ் ஆகிவிடும். ஒரு நிமிஷம் எடுத்தாலே ஹென்றி டிரேப்பரின் 51 நிமிஷத்தைவிட அதிகம் தெரியும், அதுவும் கலர்ல. எடுத்தவுடனே பார்த்துக்கலாம்.

ஆனா ஒரு சிக்கல். நெபுலாக்களின் சிவப்பு, ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் விடுகிற ஒளி. மனுஷ முகம் இயல்பா தெரியணும்னு சென்சாருக்கு முன்னாடி கம்பெனிக்காரன் வைத்த ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஃபிளெமிங் கண்ட குதிரைத்தலைக்குப் பின்புலமே அந்தச் சிவப்புதான்! ஆர்வலர்கள் என்ன செஞ்சாங்க? வாங்கின புது கேமராவை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து ஃபில்டரைப் பிடுங்கினார்கள். வாரண்டியாவது ஒண்ணாவது! கம்பெனியே இறங்கி வந்து 2005-ல் 20டிஏ என்கிற வானத்துக்கான கேமராவை விட்டது. சாதா 20டியைவிட அந்தச் சிவப்பை சுமார் இரண்டரை மடங்கு உள்ளே விடும். 2012-ல் 60டிஏ, 2015-ல் நிக்கான் டி810ஏ.

மீதியைக் கணக்குப் பார்த்துக்கொண்டது. ஒரே இடத்தை 16 தடவை எடுத்துக் கணினியில் அடுக்கிச் சராசரி பார்த்தால் இரைச்சல் கால்பங்காகும். மூடியைப் போட்டுக்கிட்டு எடுக்கிற இருட்டுப் படத்தைக் கழித்தால் சென்சார் சூட்டில் வருகிற புள்ளிகள் போய்விடும். ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம், சில்லறையா சேர்த்தாலும் உண்டியல் நிறையும். ஃபோகஸுக்கு ரஷ்ய ஆர்வலர் பாவெல் பாக்டினோவ் 2005-ல் வடிவமைத்த முகமூடி இருக்கு. ஒரு அட்டையில் கோடு கோடா வெட்டினது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு. கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைத் தகட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய தகடுகளைப் பின்னால் சிசிடி கேமரா வைத்தே மறுபடி படம் எடுத்து எண்மப்படுத்தினார்கள். பேரன் தாத்தாவைப் படம் பிடித்த மாதிரி!

இன்றைக்கு டிஎஸ்எல்ஆர் காலமே முடிகிறது. போட்டோகிராபர்கள் மிரர்லெஸுக்கு மாறிவிட்டார்கள். பழைய கேமராக்கள் சல்லிசா கிடைக்கும். எனக்குக் கவலை அதைப் பத்தி இல்லை. சாக்கடைப் பொறியாளர் ஒருத்தர் தோட்டத்தில் தொடங்கின வேலை, நூத்து இருபது வருஷம் கழிச்சு இந்தக் கல்யாண கேமரா வழியாத்தான் திரும்பவும் மொட்டைமாடிக்கு வந்தது. கருவி வந்துடுச்சு, ஆனா மாடிக்கு மேலே இருந்த இருட்டை நாம தெருவிளக்கால துடைச்சிக்கிட்டு இருக்கோம். கேமராவை அடுத்த கடையில் வாங்கலாம். இருட்டை எங்கே வாங்குறது?

டிஸ்கி: சரியான சூரிய ஃபில்டர் இல்லாமல் தொலைநோக்கியையோ கேமராவையோ சூரியன் பக்கம் திருப்பாதீங்க. சென்சார் போனா வேற வாங்கலாம், கண்ணு?