தொலைத்தொடர்புத் தொழிலில் பெண்கள்: மேற்குச் சென்னை வட்டாரம்

தொலைத்தொடர்புத் தொழிலில் பெண்களுக்குச் சம உரிமை எந்த அளவுக்குக் கிடைத்திருக்கிறது என்பதற்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி புறநகர் வட்டாரம் நல்ல சான்று. பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் திருப்பெரும்புதூர் கைபேசி ஆலைகளில் வேலை பார்க்கும் வெளிமாவட்டப் பெண்கள் பலருக்குப் பூந்தமல்லிச் சுற்றுப்புற விடுதிகளே வீடு. ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பேருந்து வந்து அவர்களை ஏற்றிச் செல்லும்.

பெண்களை இந்தத் தொழில் தொடக்கத்திலேயே தேடிப் போனது. 1878இல் பாஸ்டனில் எம்மா நட் அழைப்புகளை இணைக்கும் முதல் பெண் ஊழியராகத் தொலைபேசி நிலையத்தில் அமர்ந்தார். சென்னையில் தொலைபேசி நிலையம் வந்தது 1880களின் தொடக்கத்தில். பின்னாளில் இந்திய நகரங்களின் இணைப்புப் பலகைகளில் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். தானியங்கி நிலையங்கள் பெருகப் பெருக அந்த வேலையும் தேய்ந்தது.

பெண்களின் ஆலை வேலைக்கோ தடையாக நின்றது சட்டம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காக எழுதிய விதி, மூன்று ஷிப்டு ஓடும் இடத்தில் பெண்ணின் வேலைக்கே உலை வைத்தது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. தமிழகத்து மின்னணு ஆலைகளின் கதவைப் பெண்களுக்கு அகலத் திறந்த தீர்ப்பு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடாதபடி மேலங்கி அணிந்து, ஷிப்டு முழுக்கக் கைபேசிகளைப் பொருத்திய தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வரிச் சிக்கலுக்கு நடுவே 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் கொண்டுவந்த பெண்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே அந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி தெரியாத தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஒரே அறையில் பலர் தரையில் படுக்கும் நிலை அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. தொழிற்சங்கத் தலைமை முன்னின்று அழைக்காமலே பெண்கள் நடத்திய இந்தப் போராட்டம் இந்த வரலாற்றின் திருப்புமுனை. 2024 ஆகஸ்டில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை ரூ.706.5 கோடியில் கட்டி, திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தமிழக அரசு திறந்தது.

தங்க இடம் வந்தது. தாலி அணிந்த பெண்ணுக்கு வேலை உண்டா என்பது வேறு கேள்வி. மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஒதுக்குகிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்று நிறுவனம் அரசிடம் தெரிவித்ததாகவும் செய்தி வந்தது. ஆனால், மணமானவர் என்பதற்காகத் தனியார் நிறுவனம் வேலை மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் அப்போது இந்தியாவில் இருக்கவில்லை. அப்படி ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை.