மலிவான ஊர் என்றொரு கற்பனை

‘மனை விலை ஊதிப் பெருக்கிறதெல்லாம் சென்னை, பெங்களூரு சமாச்சாரம், பெரியதாழை மாதிரி ஊர்ல அதுக்கு என்ன வேலை?’ நம்முடைய தோழர்களே இப்படிக் கேட்கிறார்கள். நகரம் என்றால் மூலதனம், கடற்கரை என்றால் மணலும் பனையும் என்கிற இருமை அவர்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சற்று வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றபோது இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. தூத்துக்குடியில் கப்பலேறிய திருநெல்வேலிப் பஞ்சும் அதில் சேர்த்தி. பம்பாயில் குவிந்த பணம், கடலைத் தூர்த்து மனையாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் போய் விழுந்தது. தண்ணீருக்கடியில் கிடந்த நிலத்துக்கு விலை! 1865இல் போர் முடிந்தது, எல்லாம் சரிந்தது. வரலாறு இதைப் பம்பாய்ப் பெருவணிகர்கள் நொடித்த கதையாகவே சொல்லி வருகிறது. பஞ்சு விலையை நம்பிக் கடன் வாங்கிய கரிசல்காட்டுச் சம்சாரி அந்தக் கதையில் பாத்திரமே இல்லை.

2008 இன்னும் தெளிவான சாட்சி. சான் பிரான்சிஸ்கோவில் வீடு வாங்க மாட்டாதவர்கள் ஸ்டாக்டன், மெர்செட் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள், அங்கே மலிவு. கட்டுமானக் கம்பெனியும் வங்கிக் கடனும் பின்னாலேயே போயின. குமிழி உடைந்தபோது அந்த மலிவான ஊர்களில் வீட்டு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. சான் பிரான்சிஸ்கோ அந்த அளவுக்கு விழவில்லை. ஸ்டாக்டன் நகராட்சி 2012இல் திவால் மனுவே போட்டது. மலிவு என்பது வேலி அல்ல, தூண்டில் இரை.

இங்கே நடப்பது வேறு மாதிரி. பெரியதாழை கடலுக்கும் தேரிக்கும் நடுவே கிடக்கிற ஊர். கடலரிப்பு இங்கே பழைய பிரச்சினை. தூண்டில் வளைவு கேட்டுப் போராடிய கரை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டு அரசாணை 172, புது வீடெல்லாம் 200 மீட்டருக்கு அப்பால்தான் என்றது. இலவச வீட்டை ஏற்பவர் பழைய கரைமனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆக, மீனவனுக்கு மேட்டு நிலம் ஆசை இல்லை, அவசியம். அந்த மேட்டு நிலத்தைத்தான் இப்போது வெளியூர்ப் பணம் பார்க்கிறது. 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி என்று 2,000 ஏக்கருக்கு மேல். ராக்கெட் போகுமுன் விலை போயிரும் என்பது தரகர்களுக்குத் தெரியும்.

இதில் இரண்டு விலை உண்டு: வாய் விலை, பத்திர விலை. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்திரத்தில் குறைத்து எழுதுவது நம்மூர் வழக்கம். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமோ வழிகாட்டி மதிப்பையும் பதிவான பத்திரங்களையும் வைத்துத்தான் சந்தை மதிப்பைக் கணிக்கிறது. அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டுதான். அடித்தளமே பத்திர விலை என்பதை மறக்கக் கூடாது. நிலத்தை இழப்பவனுக்குப் பத்திர விலை, மாற்று நிலம் தேடிப் போகும் அதே ஆளுக்கு வாய் விலை. குமிழியின் அரசியல் எனக்கு இந்த இடைவெளியில்தான் தெரிகிறது.

சரி, உடையும்போது? நம்மூரில் விலை இறங்குவதில்லை, வாங்க ஆள் வராமல் போகும், அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தபோது தமிழகம் முழுக்க இதைப் பார்த்தோம். வளைகுடாச் சம்பளத்தில் மனை வாங்கிப் போட்டவன், மகள் கல்யாணத்துக்கு விற்கப் போனால் பத்திரம் பதிய முடியாது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, கட்டணத்தோடு. மனை பிரித்து விற்ற ஆள் அதற்குள் காசை எண்ணி வாங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தான்.